ஏல விதையும் எதிர்பார்க்கும் விகிதமும்

சக்குபள்ளத்து ஏலத் தோட்டங்களில் நல்ல செடியொன்று கண்டால் பெரும்பாலும் தூரைப் பிரித்தே நடுவர். இடுக்கியில் உழவர் தேர்ந்தெடுத்த ஞள்ளானி வகையும் அவ்வாறே பரவியது. விதைக்கன்று ஏன் தாயைப் போலாவதில்லை? கட்டம் வரைந்து வரைந்து அலுத்த நான், பெருக்கலால் இதற்கு விடை கண்டேன்.

க, ங என இரு வேறு காரணிகள் கொண்ட செடி தன் மகரந்தத்தாலேயே கருவுற்றால் சந்ததி கக, கங, ஙங என 1:2:1 ஆகும். தாயின் அமைப்பே உடையவை பாதி. க மேலோங்கியதானால் அதன் பண்பு தோன்றுபவை முக்கால். பண்புகள் தனித்தனியே பிரிவனவானால் பங்குகளைப் பெருக்கினாற் போதும். மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணிச் சோதனையில், உருண்டையும் மஞ்சளுமான விதை 3/4 × 3/4, அதாவது 9/16. ஆகவே 556 விதைகளில் 312.75 எதிர்பார்க்கலாம், அவர் எண்ணியது 315. (முக்கால் விதையைக் கண்டு மிரள வேண்டா, இது சராசரிக் கணக்கே.) ஒரே குரோமசோமில் நெருங்கியுள்ள காரணிகளுக்கு இப்பெருக்கல் செல்லாது.

இனி ஏலம். தாய்ச்செடி பத்துக் காரணி இணைகளில் கலப்புடையதெனக் கொள்வோம். பாதியைப் பத்து முறை பெருக்கினால், தாயின் அமைப்பை முழுதும் பெறுவது சராசரி 1024 கன்றுகளில் ஒன்றே! அதுவும் தன் மகரந்தமானால். ஏலப்பூவிலோ தேனீ பக்கத்துச் செடியின் மகரந்தத்தையும் கொணர்ந்துவிடுகிறது. தூருக்கு அத்தொல்லை இல்லை. அது தாயின் உடற்பகுதியே.