டியோடரன்ட் போட்ட குடிதண்ணீர்

சர்வதேச விண்வெளி நிலையத்துல சிறுநீர், வியர்வை எல்லாத்தையும் சுத்தம் பண்ணித்தான் குடிக்கிறாங்க. முகம் சுளிக்காதீங்க, ஹாஸ்டல் டேங்கைவிட அது சுத்தம்! அந்தத் தண்ணீரில் உள்ள மொத்த கரிமக் கார்பனை அங்கேயே ஒரு கருவி அளக்கும். 2010-ல் அளவு ஏற ஆரம்பிச்சது. என்ன பொருள்னு கருவிக்குச் சொல்லத் தெரியல. மாதிரியைப் பூமிக்குக் கொண்டுவந்து சோதிச்ச பிறகுதான் டைமெத்தில்சிலேன்டையால்னு தெரிஞ்சது. டியோடரன்ட், க்ரீம் மாதிரி பொருட்களிலிருந்து சிலாக்சேன் காற்றில் கலந்து, தண்ணீருக்குள் இப்படி வந்து சேர்ந்திருக்கு. நல்லவேளை, பெரிய விஷமில்லை.

செவ்வாய்க்குப் போகிற வழியில் இப்படி ஆனா? போகவே ஆறேழு மாசம். பாட்டிலில் பிடிச்சு லேபுக்கு அனுப்ப முடியாது. எந்தப் பொருள்னு கண்டுபிடிக்கிற கருவி கூடவே போகணும். அதிலும் ஒரு சிக்கல்: எடையற்ற நிலையில் குமிழி மேலே வராது, தண்ணீருக்குள்ளேயே நின்னு அளவைக் கெடுக்கும்.