நெடுந்தூர விமானப் பயணமும் இன்சுலினும்

பிள்ளைகளின் அழைப்பை ஏற்று அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து முதலிய நாடுகளுக்குச் செல்லும் பெற்றோர் பலர் எங்கள் நீரிழிவுப் பிரிவில் சிகிச்சை பெறுபவர்கள். கடவுச்சீட்டு, விசா, ஊறுகாய், பொடி வகைகள் எனப் பல வாரங்கள் ஆயத்தம் செய்யும் அவர்கள், இன்சுலினைப் பற்றிப் பெரும்பாலும் புறப்படும் வாரத்தில்தான் எங்களைக் கேட்கின்றனர்.

மகளின் பேறுகாலத்துக்காக நியூஜெர்சி சென்ற ஒரு தாயார், இங்கிருந்து குப்பி இன்சுலினைப் போதிய அளவு எடுத்துச் சென்றார். சிரிஞ்சுகள் தீர்ந்தபோது அங்கேயே வாங்கிக்கொண்டார். வழக்கம்போல் 20 என்ற கோடுவரை மருந்தை இழுத்துப் போட்டும், சர்க்கரை நாளுக்கு நாள் ஏறியது. மகள் தொலைபேசியில் எங்களிடம் சிரிஞ்சை விவரித்தபோதுதான் காரணம் புலப்பட்டது.

குப்பியும் சிரிஞ்சும்

நம் நாட்டில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் செறிவுடையது. அதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. அமெரிக்காவில் வழங்குவது 100 யூனிட் செறிவு. அதற்குரிய சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. நமது மருந்தை அந்த நாட்டுச் சிரிஞ்சில் 20 கோடுவரை எடுத்தால், உடலில் சேர்வது 8 யூனிட் மட்டுமே. மாறாக, அந்த நாட்டு மருந்தை நமது சிரிஞ்சில் 20 கோடுவரை எடுத்தால் 50 யூனிட் உடலில் சேரும். இது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே மருந்துக்கு உரிய சிரிஞ்சுகளையும் தேவைக்கு மேலாகவே கொண்டு செல்லுங்கள். இன்சுலின் பேனா பயன்படுத்துவோருக்கு இக்குழப்பம் பெரிதும் இல்லை.

விமானத்தில்

இன்சுலினைக் கைப்பையில் மட்டுமே வையுங்கள். சரக்குப் பகுதியில் ஏற்றும் பெட்டியில் வைத்தால் அது உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலின் பயன்படாது. மருந்துகளின் மூலப்பெயர், அளவு, காரணம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் குறிப்பிடும் மருத்துவர் கடிதத்தை உடன் வைத்திருந்தால் பாதுகாப்புச் சோதனை எளிதாகும்.

உணவு வேளைக்குரிய ஊசியை, உணவுத் தட்டு கைக்கு வந்த பின்னரே போடுங்கள். விமானம் குலுங்கினால் உணவு வழங்குவதை இடையில் நிறுத்திவிடுவார்கள். குளுக்கோஸ், பிஸ்கட் ஆகியவை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்திருந்தால் கால் சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்புக் கூடுகிறது. அவ்வப்போது எழுந்து நடந்து, கணுக்காலை அசைத்து, நீர் பருகுங்கள். பயணத்துக்குப் பின் ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ, திடீர் மூச்சுத்திணறலோ தோன்றினால், வாரங்கள் கடந்திருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நேர மாற்றம்

நியூயார்க் நேரம் கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரமும், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கியது. மேற்கே செல்லும்போது பகல் நீள்கிறது, திரும்பும்போது சுருங்குகிறது. சுருங்கும் நாளில் வழக்கமான அளவைப் போட்டால், முந்தைய ஊசியின் வேலை முடியுமுன்பே அடுத்தது சேர்ந்து சர்க்கரை தாழக்கூடும். இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விதி இல்லை. பயணச்சீட்டைக் கொண்டு வாருங்கள். எந்த மணிக்கு எவ்வளவு என்பதை எழுதித் தருகிறோம்.

சென்றடைந்த பின்

இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா நாடுகளில் சர்க்கரையை மில்லிமோல் அளவில் குறிப்பர். அங்கே 7 என்று காட்டினால் அது நம் கணக்கில் 126. அந்த எண்ணை 18 ஆல் பெருக்கினால் போதும். உங்கள் குளுக்கோமீட்டரையே பட்டைகளுடன் கொண்டு செல்வது இன்னும் நல்லது. அவசர உதவிக்கு அமெரிக்கா, கனடாவில் 911, இங்கிலாந்தில் 999, ஆஸ்திரேலியாவில் 000.

அத்தாயார் உரிய சிரிஞ்சுக்கு மாறியபின் நலமடைந்து, பேரனுடன் ஆறு மாதங்கள் இருந்து திரும்பினார். பயணத்துக்கு நான்கு வாரங்களுக்கு முன்பே எங்களைச் சந்தியுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.