மழைக்கு முன்னே ஒரு பை கட்டி வையுங்கள்



"புயல் கடலோரத்துக்குத்தானே, நமக்கென்ன?" என்று இனி யாரும் சொல்ல முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் மாலை நம் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வீட்டை மூடின. 5 குழந்தைகள் உட்பட 7 பேர் மாண்டனர்.

பை பாறையைத் தடுக்காது. ஆனால் "கிளம்புங்க" என்றதும், "அட்டை எங்கே, மாத்திரை எங்கே" என்று தேடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்படலாம். அந்தப் பத்து நிமிஷம்தான் உயிர்.

பையில் என்ன வேண்டும்?

1. அவல், பொட்டுக்கடலை, வெல்லம், சத்துமாவு. இரண்டு பாட்டில் குடிநீர்.

2. டார்ச் விளக்கு, தீப்பெட்டி, போர்வை, மாற்றுத்துணி, சோப்பு, மாதவிலக்குத் துணி, கொஞ்சம் சில்லறைப் பணம்.

3. குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள், பிளாஸ்டிக் உறையில்.

4. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு. பெரிய பொட்டலம் ஒன்றை 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும்.

5. கருத்தடை மாத்திரை அட்டை ஒன்று, நிரோத் சில. முகாமில் நாலு நாள் மாத்திரை விட்டுப்போனால் வேண்டாத கர்ப்பம் வந்துவிடலாம்.

வீட்டிலேயே சிக்கிக்கொண்டால்? ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு. 4 பேருக்கு 3 நாளைக்கு 36 லிட்டர். மழை வலுக்கும் முன்பே மூடியுள்ள குடத்தில் பிடித்து வையுங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாரா? தாய் சேய் நல அட்டையும் இரும்புச்சத்து மாத்திரையும் பையில் இருக்கட்டும். பேறுகாலம் நெருங்கினால், பாதை துண்டிக்கப்படும் முன்பே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலுள்ள உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போங்கள். "வலி வரட்டும், பாத்துக்கலாம்" என்று இருக்காதீர்கள்.

பையைத் தண்ணீர் ஏறாத உயரத்தில், கையெட்டும்படி மாட்டுங்கள். இடம் கணவன், மனைவி இருவருக்கும் தெரிய வேண்டும். வருஷந்தோறும் ஐப்பசி பிறக்குமுன் பிரித்துப் பார்த்து, காலாவதியானதை மாற்றுங்கள்.

உதவிக்கு: மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. ஆம்புலன்ஸ் 108. வேங்கிக்கால் மக்களே, ஆட்சியர் அலுவலகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. எச்சரிக்கை வந்தால் அலட்சியம் வேண்டாம்.

இன்றே கட்டுவோம் பையை! காப்போம் குடும்பத்தை!