விடுதியில் நட்பு கிடைக்க

கல்லூரி விடுதியில் முதல் சில வாரங்களில்தான் தனிமை அதிகம் வாட்டும். முதலாண்டு மாணவர்களே, இவற்றைச் செய்து பாருங்கள்.

1. அறையில் இருக்கும்போது கதவைத் திறந்தே வையுங்கள். வராந்தாவில் போகிறவர் நின்று இரண்டு வார்த்தை பேசுவார்.

2. மெஸ்ஸுக்குத் தினமும் ஒரே நேரத்தில் போங்கள். கைப்பேசியை அறையில் விட்டுவிடுங்கள். ஒரே முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில்தான் பழக்கம் உண்டாகிறது. பேச்சைத் தொடங்கத் தயக்கமா? "எந்த ஊர்?" என்று கேளுங்கள், போதும். எதிரில் இருப்பவருக்கும் அதே தயக்கம்தான்.

3. வீட்டிலிருந்து வந்த முறுக்கைப் பூட்டி வைக்காதீர்கள். டப்பா திறந்தால் பக்கத்து அறையும் வந்துவிடும்.

4. வாராவாரம் ஊருக்கு ஓடாதீர்கள். வகுப்பில்லாத ஞாயிறன்று துணி துவைக்கும் இடத்தில் பேசும் பேச்சு வேறெங்கும் வாய்க்காது. வார இறுதியில் விடுதியிலேயே தங்குவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன்.

5. என்.எஸ்.எஸ்., தமிழ் மன்றம், கைப்பந்து, ஏதாவது ஒன்றில் சேருங்கள். கூச்சமுள்ளவர்களுக்குக் கூடிச் செய்யும் வேலை பேச்சைவிட எளிது.

6. 'அறிமுகம்' என்று சொல்லிச் சீனியர்கள் மிரட்டினால் பொறுத்துப் போகாதீர்கள். அது ராகிங், குற்றம். வார்டனிடம் சொல்லுங்கள், அல்லது 1800-180-5522 எண்ணுக்கு அழையுங்கள்.

7. தூக்கமும் சாப்பாடும் கெட்டு, மனம் தேறவே இல்லையென்றால் 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை இது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.