தூளினுள் ஒளியின் நடை

தெளிந்த கண்ணாடியை நுண்ணிதாகப் பொடித்தால் உப்பைப்போல் வெண்மையான தூள் கிடைக்கும். கண்ணாடிக்கும் இடையிற் புகுந்த காற்றுக்கும் நிறமில்லை. வெண்மை எங்ஙனம் வந்தது?

தூளிற் புகும் ஒளி துகள்தோறும் திசை திரும்புகின்றது. இத்தகைய நடையைக் குறித்து 1905-ஆம் ஆண்டில் கார்ல் பியர்சன் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் ‘நேச்சர்’ பத்திரிகை வாயிலாக வினவினார்: தப்படிதோறும் மனம்போனவாறு திசை திரும்பி நடப்பவன் முடிவில் எத்துணைத் தூரத்தில் நிற்பான்? இராலே பிரபு, தாம் 1880-இல் ஒலியலைகளுக்குக் கண்ட கணக்கே இதற்கும் விடையென மறுமொழி விடுத்தார். நூறு தப்படி வைத்தவன் தொடங்கிய இடத்தினின்று ஏறக்குறையப் பத்துத் தப்படித் தொலைவிலேயே நிற்பான். இருபது தப்படி அகல நானூறு வைத்தல் வேண்டும். (குடியனைத் தேடுவோர் அவன் புறப்பட்ட இடத்தருகே தேடுவதே நன்றென்னும் கருத்துப்படப் பியர்சன் நகையாடினார்.) ஆதலின் தூளின் கனம் இருமடங்காயின், ஊடுருவும் ஒளிக்கு நான்மடங்கு காலம் செல்லும். பெரும்பகுதியோ புகுந்த பக்கமே மீள்கின்றது. எந்நிறமும் உட்கவரப்படாமையின் வெண்மை தோன்றுகின்றது.

ஆயின் ஒளி அலையுமன்றோ? ஒழுங்கற்ற பொருளில் எலக்ட்ரானின் அலைகள் ஒன்றோடொன்று கலத்தலால், அது திரிதல் ஒழிந்து ஓரிடத்திற் கட்டுண்ணலாமென 1958-இல் அமெரிக்கரான பிலிப் ஆண்டர்சன் காட்டினார்; 1977-இல் நோபெல் பரிசிலும் பங்கு பெற்றார். ஒளியும் அவ்வாறு கட்டுண்ணுமோ? வெள்ளைப் பெயிண்டுக்குரிய டைட்டேனியம் டையாக்சைடுத் தூளில் அதற்கு அறிகுறி கண்டதாக 2006-இல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தார் அறிவித்தனர். அவர்களே மீண்டும் ஆராய்ந்து (இதனையே யாம் பெரிதும் மெச்சுகின்றோம்), தாமதித்து வெளிவந்தது கட்டுண்ட ஒளியன்று, தூள் தானே உமிழ்ந்த வேற்று நிற ஒளியென்று 2016-இல் வெளியிட்டனர்.