பகா எண் போல் தோன்றும் ஒரு பகு எண்

கேள்வி: 4,29,49,67,297 என்னும் எண்ணுக்குக் கணிதத்தில் தனியிடம் ஏன்?

பதில்: இரண்டின் 32ஆம் அடுக்குடன் ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் இவ்வெண், 3, 5, 17, 257, 65,537 என வளரும் பெர்மா எண்களின் வரிசையில் அடுத்து வருவதாகும். முதல் ஐந்தும் பகா எண்களாக, அதாவது ஒன்றாலும் தம்மாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுபவையாக இருந்தமையால், வரிசை முழுவதும் அவ்வாறே அமையும் என்று 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மா நம்பினார். ஆனால் இது 641ஆல் வகுபடும் என்று 1732இல் ஆய்லர் காட்டினார். ஈவாகிய 67,00,417உம் பகா எண்ணே. இதன் வகுத்திகள் 64இன் மடங்கைவிட ஒன்று மிகுந்தவையாகவே இருக்கும் என்னும் ஆய்லரின் விதிப்படி, 193, 257, 449, 577 ஆகியவற்றை அடுத்துச் சோதிக்க வேண்டிய ஐந்தாவது பகா எண்ணே 641 ஆதலால், பெர்மா இதைத் தவறவிட்டது வியப்புக்குரியது.

எனினும் அவருடைய சிறு தேற்றமே இங்கு ஏமாற்றுகிறது: இரண்டை இவ்வெண்ணிலும் ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி இதனால் வகுத்தால், பகா எண்ணுக்குரியவாறே மீதி 1 வருவதால், இது இரண்டின் அடிமானத்தில் ‘போலிப் பகா எண்’ எனப்படுகிறது. ஆனால் இது பகு எண் என்பதை வேறொரு பண்பு காட்டிக்கொடுக்கிறது: ஒற்றைப்படைப் பகா எண் எதுவும் இரு வர்க்கங்களின் கூட்டலாக ஒரு வகைக்கு மேல் அமையாது. இதுவோ 65,536, 1 ஆகியவற்றின் வர்க்கங்களாகவும், 62,264, 20,449 ஆகியவற்றின் வர்க்கங்களாகவும் பிரிகிறது.