ஒரு சோறு பதம் போதுமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலறை விதி. கணிப்பொறிக்கு இவ்விதி போதாது. அங்கே ஓர் எண் மாறினாலும் பொருள் மாறிவிடக்கூடும்.

நெய்வேலி நகரியத்து வீடுகளிலுள்ள வைஃபை ரௌட்டர் போன்ற கருவிகளுக்குள் சிறு கணிப்பொறி ஒன்று அடங்கியிருக்கிறது. அவற்றுள் பலவற்றை இயக்குவது லினக்ஸ். மனிதர் எழுதும் மூலநிரலைப் பொறிக்குரிய எண்களாக மாற்றித் தருவது கம்பைலர்.

ஒரே மூலநிரலை இருவர் இரண்டு இடங்களில் கம்பைல் செய்தால் விளைவு ஒன்றாக இருக்குமா? பெரும்பாலும் இராது. கம்பைல் செய்த நாளும் நேரமும், கோப்புறையின் பெயரும், கோப்புகளைப் படித்த வரிசையும் விளைவினுள் புகுந்துவிடுகின்றன. டெபியன் குழுவினர் 2013 முதல் இக்குறையை நீக்க முயன்று வருகின்றனர். கடிகார நேரத்திற்குப் பதிலாக மூலநிரல் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தைக் கொடுத்தல், கோப்புகளை அகர வரிசைப்படுத்தல், ஒரே பதிப்புக் கம்பைலரைப் பயன்படுத்தல் ஆகியவை வழிகள். பின்னர் ஷா-256 முறையில் 64 இலக்க முத்திரை எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடலாம். முத்திரை ஒத்தால் கோப்பு முழுவதும் ஒத்ததாகக் கொள்ளலாம்.

இவ்வளவு பாடு எதற்கு? மூலநிரல் தூய்மையாக இருந்தும் கம்பைலர் வழியே களவு புகலாம் என்று கென் தாம்சன் 1984-இல் வெளியான தம் டியூரிங் பரிசு உரையில் விளக்கினார். ஒருவர் பொறியில் நுழைந்த களவு மற்றவர் விளைவோடு ஒப்பிடும்போது வெளிப்படும். இருவரும் கெட்டுப்போன ஒரே கம்பைலரைப் பயன்படுத்தினால் வெளிப்படாது என்பதையும் மறத்தலாகாது.

அடுத்து, சோதிக்கும் முறை. சென்னை ஐ.ஐ.டி.யில் ரிஸ்க்-ஃபைவ் கட்டளை முறைப்படி உருவான 'சக்தி' சில்லில் 2018-இல் லினக்ஸ் இயங்கியது. அச்சில்லு நம் கையில் இல்லை. ஆயினும் ஃபப்ரிஸ் பெல்லார் 2003-இல் வெளியிட்ட கியூஎமு என்னும் எமுலேட்டர் இப்போது ரிஸ்க்-ஃபைவ் கட்டளைகளையும் அறியும். அவற்றை நம் சாதாரணக் கணிப்பொறியின் கட்டளைகளாக மாற்றி இயக்கிக் காட்டும். உண்மைச் சில்லின் வேகம், வெப்பம், மின் இணைப்புக் கோளாறு ஆகியவற்றை மட்டும் அது காட்டாது.

நண்பர்களே! எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விலையுயர்ந்த பலகைகளை வாங்க என்னால் இயலாது. ஆனால் சென்னையில் ஒருவர் கம்பைல் செய்த நிரலை அதே முறையில் நான் இங்கே கம்பைல் செய்து எமுலேட்டரில் இயக்கிப் பார்க்க முடியும். 64 இலக்கமும் ஒத்தால் "சரி" என்று சொல்லலாம். ஒத்துவராவிட்டால் "ஏன்?" என்று கேட்கலாம். அக்கேள்வியைக் கேட்கப் பட்டமோ பதவியோ தேவையில்லை. நீங்களும் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு சிறு நிரலைக் கொண்டு இதைச் செய்து பாருங்கள்.